ஃபுல் சிக்னல் இருக்கு, நெட் மட்டும் இல்ல: கூட்டமான தெருவுல வயர்லெஸ் பிராட்பேண்ட் வாங்கலாமா?



இந்தப் பதிவு ஒரு நஷ்டக் கணக்குல ஆரம்பிக்குது. நஷ்டப்பட்டது நான்தான்.

2024 செப்டம்பர்ல தி.நகருக்குக் குடிவந்தேன். உஸ்மான் ரோட்டுல இருந்து ரெண்டு சந்து தள்ளி, மூணாவது மாடியில ஒரு சின்ன ரூம். மாம்பலம் ஸ்டேஷன் நடந்து போற தூரம், ரங்கநாதன் தெரு அதைவிடப் பக்கம். வேலை யு.எஸ். ஷிஃப்ட். சாயங்காலம் அஞ்சரைக்கு லாகின், வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்தே. ஃபைபர் போடலாம்னா, சுவத்துல ஓட்டை போடக்கூடாதுன்னு வீட்டு ஓனர் ஒரே பிடிவாதம். பால்கனி கம்பியில எதையாவது கட்டிக்கோங்கன்னு மட்டும் சொன்னார். சரி, காத்துல வர்ற பிராட்பேண்டே போதும்னு ஒரு கம்பெனிக்கு போன் போட்டேன்.

விற்க வந்த தம்பி ஒரு செவ்வாய்க்கிழமை, காலைல பதினோரு மணிக்கு வந்தார். பால்கனில நின்னு அவரோட போன்ல ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினார். முள்ளு சரசரன்னு ஏறி மூணு இலக்கத்துல போய் நின்னுச்சு. "சார், ஆறு மாசம் சேர்த்துக் கட்டினா இன்ஸ்டலேஷன் ஃப்ரீ"ன்னார். அங்கேயே யுபிஐ-ல கட்டிட்டேன். கிட்டத்தட்ட அஞ்சாயிரம் ரூபா. அப்போ என்னோட ஒரு மாச எஸ்ஐபி-யே அவ்வளவுதான்.

மூணு வாரம் பெருசா குறை இல்ல. ஆயுத பூஜை முடிஞ்சுச்சு, தீபாவளி ஜவுளிக் கூட்டம் இறங்குச்சு. சாயங்காலம் ஆறு மணி ஆனா கிளையன்ட் கால்ல என் குரல் உடையும். முகம் அப்படியே உறைஞ்சு நிக்கும். ரவுட்டர்ல பச்சை விளக்கு, போன்ல ஃபுல் சிக்னல், ஸ்பீட் டெஸ்ட்ல மட்டும் ஒத்தை இலக்கம். ரெண்டு வாரத்துல ரெண்டு எஸ்கலேஷன் மெயில். நான் அப்போ புரொபேஷன்ல வேற இருந்தேன். டீம் லீட் கூப்பிட்டு, "கன்ஃபர்மேஷன் வரைக்கும் தினமும் ஆபீஸ் வந்துடுங்க"ன்னார். கஸ்டமர் கேர்ல ரீஃபண்ட் கேட்டப்போ, பிளான் ஷரத்துல முன்பணம் திரும்பத் தரப்படாதுன்னு இருக்கு, படிச்சுப் பார்க்கலையான்னு ரொம்ப மரியாதையா கேட்டாங்க.

படிக்கல. சரி, உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது. அதுக்கு முதல்ல, ஃபுல் சிக்னல் இருந்தும் நெட் ஏன் வரலைங்கிறது புரியணும்.

லாரி தெரியுது, குடம் நிறையல

இதுக்கு இன்ஜினியரிங் எல்லாம் வேண்டாம். சென்னைக்காரங்களுக்கு மெட்ரோ வாட்டர் லாரி போதும்.

லாரி தெருமுனைல வந்து நிக்குது. உங்க வாசல்ல இருந்து பார்த்தாலே தெரியுது. போன்ல நீங்க பார்க்கிற சிக்னல் கட்டம் இதுதான்: லாரி எவ்வளவு நல்லாத் தெரியுதுங்கிற கணக்கு. அதுக்கும் உங்க குடம் எப்போ நிறையும்ங்கிறதுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. முன்னாடி வரிசைல எத்தனை குடம் நிக்குதோ, அதை வெச்சுத்தான் உங்க முறை. அந்த வரிசையோட நீளத்தைக் காட்ட போன்ல கட்டம் எதுவும் இல்ல.

ஒரு மொபைல் டவர் பொதுவா மூணு பக்கமா, ஒவ்வொண்ணும் 120 டிகிரி அளவுக்குப் பிரிச்சு சிக்னல் அனுப்பும். ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு மொத்தக் கொள்ளளவு உண்டு. உதாரணத்துக்கு அதை 1000 எம்பிபிஎஸ்னு வெச்சுக்குவோம். காலைல பதினோரு மணிக்கு அந்தப் பக்கத்துல ஒரே நேரத்துல டேட்டா இழுக்கிறவங்க அஞ்சு பேர்னா, ஆளுக்கு 200. சாயங்காலம் ஏழு மணிக்கு அதே பக்கத்துல 200 பேர் இழுத்தா, ஆளுக்கு 5. டவர் பழுதாகல, உங்க டப்பாவும் பழுதாகல. வரிசைதான் நீண்டுச்சு.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, இதைப் பத்தி யாரும் பேசறதில்ல. வரிசைல இருக்கிற எல்லாக் குடமும் ஒரே மாதிரி இல்ல. சிலதுக்கு வாய் அகலம், சட்டுனு நிறையும். சிலதுக்கு வாய் குறுகல், அதே அளவு தண்ணிக்கு ரொம்ப நேரம் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். டவர் பங்கு போடுறது அடிப்படையில நேரத்தைத்தான். சிக்னல் சுத்தமா இருக்கிற போனுக்கு ஒரு தடவைல 8 பிட் வரைக்கும் அனுப்பலாம் (256 குவாம்னு சொல்ற முறை). ஜவுளிக்கடையோட உள்கட்டுல, நாலு சுவருக்குப் பின்னாடி நிக்கிற போனுக்கு அதே இடத்துல 2 பிட்தான் போகும். அவங்க ஒரே ஒரு ரீல்ஸ் பார்க்க, டவரோட நேரத்தை நாலு மடங்குக்கு மேல சாப்பிடுவாங்க. அதனால கூட்டத்துல ஆள் எண்ணிக்கை மட்டும் பிரச்சினை இல்ல. கடைக்குள்ள, அடித்தளத்துல, லிஃப்ட்ல நிக்கிற ஆளுங்கதான் வரிசையை ரொம்ப இழுத்தடிப்பாங்க. ரங்கநாதன் தெரு மாதிரி ஒரு இடத்துல பாதிக் கூட்டம் எப்பவும் கடைக்குள்ளதான் இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

"அப்போ ஃபைபர் மட்டும் என்ன, அதுவும் ஷேரிங் தானே?" ஆமா, நியாயமான கேள்வி. வீட்டுக்கு வர்ற ஃபைபர்ல பெரும்பாலும் ஜிபான்னு ஒரு தொழில்நுட்பம். ஒரே இழைல வர்ற சுமார் 2.5 ஜிபிபிஎஸ்-ஐ, பொதுவா 32 அல்லது 64 வீடு வரைக்கும் பிரிச்சுக் கொடுப்பாங்க. வித்தியாசம் என்னன்னா, அங்கே யார் யார் பங்காளிங்கிறது முன்கூட்டியே தெரியும். தீபாவளிக்குப் புடவை எடுக்க வந்த குடும்பம் யாரும் உங்க ஃபைபர்ல வந்து உட்கார முடியாது. வயர்லெஸ்ல, மாம்பலத்துல வந்து நிக்கிற ஒவ்வொரு மின்சார ரயிலும் உங்களுக்குப் புதுசா பங்காளிங்களைக் கொண்டாந்து இறக்குது. 2023 மே மாசம் ஸ்டேஷனுக்கும் தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவுல நடைமேம்பாலம் திறந்தப்புறம் அந்த நடமாட்டம் தலைக்கு மேலயும் போகுது.

கம்பெனிங்களுக்கும் இது தெரியும். ஸ்டாண்ட் அலோன் 5ஜி-ல நெட்வொர்க் ஸ்லைசிங்னு ஒரு வசதி இருக்கு. வீட்டு பிராட்பேண்டுக்குன்னு ஒரு தனி வரிசை ஒதுக்குற மாதிரி. நல்ல விஷயம்தான். ஆனா லாரி அதே லாரி. தனி வரிசைக்கு ஒதுக்கின பங்குக்கும் ஒரு எல்லை உண்டு, அந்த வரிசைலயும் உங்க தெருக்காரங்க சேர்ந்துக்கிட்டே இருப்பாங்க.

தெருவே ஒரு தடுப்பு

இந்தியாவுல 5ஜி 2022 அக்டோபர் 1-ல தொடங்குச்சு. அதுல வேகம் கொடுக்கிற முக்கியமான அலைவரிசை 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கம். பழைய 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி இது சுவரைத் துளைச்சுப் போகாது. கான்கிரீட், கடையோட இரும்பு ஷட்டர், மேல மாட்டியிருக்கிற தகர போர்டு, வெயில் தடுக்கிற பூச்சு போட்ட கண்ணாடி எல்லாமே இதுல ஒரு பங்கைத் தின்னுடும். மனுஷ உடம்புல பெரும்பகுதி தண்ணி, அதுவும் சிக்னலை உறிஞ்சும். தோளோட தோள் உரசுற கூட்டத்துல தரைமட்டத்துல இருக்கிற போனுக்கு இது நல்லாவே தெரியும். 26 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற 5ஜி-ன்னா இன்னும் மோசம், நடுவுல ஒரு மரம் வந்தாலே போச்சு.

அதனாலதான் ஆன்டெனா எங்கே மாட்டுறாங்கங்கிறது பிளான் விலையை விட முக்கியம். மொட்டை மாடில, டவர் கண்ணுக்குத் தெரியுற பக்கம் மாட்டினா ஒரு கதை. என்னை மாதிரி மூணாவது மாடி பால்கனில, எதிர்க் கட்டடத்தோட சுவரைப் பார்த்து மாட்டினா வேற கதை. உள்ளேயே மேசை மேல வெச்சு பிளக் சொருகுற ரகம் இருக்கே, குறுகலான தெருவுக்கு அதை நான் சிபாரிசு பண்ணவே மாட்டேன்.

இன்னொண்ணு. ஏர்ன்னு பேர் வெச்சு விக்கிற எல்லாமே 5ஜி டவர்ல இருந்து வர்றது இல்ல. சில இடத்துல பக்கத்துக் கட்டடம் வரைக்கும் ஃபைபர் கொண்டு வந்து, அங்கிருந்து லைசென்ஸ் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ மூலமா உங்க வீட்டுக்கு அனுப்புவாங்க. யூபிஆர்னு சொல்வாங்க. இதுல தெருவுல போற மொபைல் கூட்டம் பங்கு கேட்காது. ஆனா அதே அலைவரிசைலதான் அக்கம்பக்கத்து வைஃபையும் ஓடுது. மாட்ட வர்றவர்கிட்ட "இது டவர் 5ஜி-யா, யூபிஆரா?"ன்னு கேளுங்க. கேட்கிறதுக்குக் காசு இல்ல.

ஒருவேளை குற்றவாளி உங்க வைஃபையோ?

டவரைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுங்க. நிறைய பேர் பிளானை மாத்துறாங்க, கம்பெனியை மாத்துறாங்க, கடைசில பிரச்சினை ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல இருக்கிற ஆறடில இருக்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் மூணே மூணுதான்: 1, 6, 11. கடைத்தெருவுல இருக்கிற கட்டடத்துல போன்ல வைஃபை லிஸ்ட்டைத் திறந்து பாருங்க. கீழே துணிக்கடை, மேலே டெய்லர், பக்கத்துல லாட்ஜ், எதிர்ல மொபைல் கடைன்னு முப்பது பேர் வரும். அந்த முப்பதும் மூணு சேனலுக்குள்ள முண்டியடிக்குது. மைக்ரோவேவ் அவனும் புளூடூத்தும் கூட இதே இடத்துலதான்.

ஒரு லேன் கேபிள் வாங்குங்க, சில நூறு ரூபாதான். ரவுட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு நேரா சொருகி டெஸ்ட் பண்ணுங்க. கேபிள்ல வேகம் நல்லா வந்து வைஃபைல மட்டும் விழுந்தா, வில்லன் வைஃபைதான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, ரவுட்டரை டிவிக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்காதீங்க. கேபிள்லயும் விழுந்தா வெளியே இருந்து வர்றதே அவ்வளவுதான்னு அர்த்தம். என் விஷயத்துல ரெண்டுமே இருந்துச்சு. வைஃபையைச் சரி பண்ணினதும் காலை நேரம் இன்னும் நல்லா ஆச்சு. சாயங்காலம் மட்டும் மாறவே இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அளந்து பாருங்க

நீங்க அளக்க வேண்டிய நேரம், உங்களுக்கு நெட் தேவைப்படுற நேரம். விற்க வர்றவருக்கு வசதியான நேரம் இல்ல. நான் பண்ணின மொத்தத் தப்பும் இந்த ஒரு வரிலதான் இருக்கு.

எந்தக் கம்பெனி பிளானை யோசிக்கிறீங்களோ, அதே கம்பெனி சிம் போட்ட 5ஜி போன் ஒண்ணை நண்பர்கிட்ட இரவல் வாங்குங்க. ஒரு வாரத்துக்கு, வேலை நாள்ல ரெண்டு மூணு சாயங்காலம், கட்டாயமா ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிறு, ராத்திரி ஏழுல இருந்து பத்துக்குள்ள டெஸ்ட் போடுங்க. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு காலை நேரமும் வேணும். ஆன்டெனா மாட்டப்போற இடத்துல நின்னு அளங்க, கட்டில்ல படுத்துக்கிட்டு இல்ல. வெளியே மாட்டுற ஆன்டெனா போனை விட நல்லாவே சிக்னல் பிடிக்கும், அதனால உங்க நிஜ வேகம் கொஞ்சம் மேலே இருக்கலாம். ஆனா காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல இருக்கிற இறக்கத்தை போனே காட்டிக் கொடுத்துடும். நமக்கு அந்த இறக்கம்தான் வேணும். ஒரு எச்சரிக்கை: 5ஜி-ல ஒரு டெஸ்ட்டே சில நூறு எம்பி சாப்பிடும். நண்பரோட டேட்டா பேக் என்னன்னு கேட்டுட்டு ஆரம்பிங்க.

டிராய் வெளியிட்ட மைஸ்பீட் ஆப் இருக்கு. அதோட ஃபாஸ்ட் டாட் காம்-லயும் போட்டுப் பாருங்க. அது நெட்ஃபிளிக்ஸ் நடத்துறது, அதுல 'மேலும் விவரம்' அமுக்கினா லேட்டன்சி ரெண்டு விதமா வரும்: லைன் சும்மா இருக்கும்போது ஒண்ணு, லைன் நிரம்பி வழியும்போது ஒண்ணு. சும்மா இருக்கும்போது 30 மில்லி செகண்ட், நிரம்பும்போது 400-ன்னு வந்தா, டவுன்லோட் நம்பர் எவ்வளவு அழகா இருந்தாலும் வீடியோ கால் திக்கித் திணறும்.

அப்லோடையும் மறக்காதீங்க. 3300 மெகாஹெர்ட்ஸ் 5ஜி-ல போறதும் வர்றதும் ஒரே பாதை, மாறி மாறி நேரம் பிரிச்சுக்குவாங்க. அதுல பெரும்பங்கு டவுன்லோடுக்குத்தான். சினிமா பார்க்கிறவருக்கு இது பிரச்சினை இல்ல. மீட்டிங்ல முகம் காட்டிப் பேசுற நமக்கு, நம்ம முகமும் குரலும் போறது அப்லோட்ல. நல்ல தரத்துல ஒரு வீடியோ காலுக்கு ரெண்டு பக்கமும் 2-ல இருந்து 4 எம்பிபிஎஸ் போதும். ஃபுல் ஹெச்டி படத்துக்கு 5, 4கே-வுக்கு 15-ன்னு நெட்ஃபிளிக்ஸே சொல்லுது. அதனால சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நிலையா 20 கிடைச்சா ஒரு தனி ஆளுக்கு அது தாராளம். காலைல 300, ராத்திரி 3-ன்னா உங்களுக்கு அது 3 எம்பிபிஎஸ் பிளான்தான்.

இப்போ காசுக் கணக்கு

நம்ம சேனல்ல வழக்கமா கேட்கிற கேள்வியையே இங்கேயும் கேட்போம்: இதுக்கு நிஜ விலை என்ன?

உதாரணத்துக்கு மாசம் 700 ரூபா பிளான். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா 826. உங்களுக்கு நெட் உண்மையிலேயே தேவைப்படுறது தினமும் நாலு மணி நேரம்னா, மாசத்துக்கு 120 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 6 ரூபா 90 காசு. அந்த 120-ல பாதி நேரம் கால் உடையுதுன்னா, வேலைக்கு ஆகுற 60 மணி நேரத்துக்குத்தான் 826 கொடுக்கிறீங்க. மணிக்கு 13 ரூபா 77 காசு, கிட்டத்தட்ட ஒரு டீ விலை. அதோட, நெட் விழும்போது போன் ஹாட்ஸ்பாட்டுக்குன்னு டேட்டா டாப்-அப் போடுவீங்களே, அதையும் கூட்டிக்கோங்க. ஒரே வேலைக்கு ரெண்டு பில்.

அடுத்தது ஆறு மாச முன்பணம். "இன்ஸ்டலேஷன் ஃப்ரீ"ங்கிற வார்த்தைக்கு என்னை மாதிரி மயங்காம ஒரு நிமிஷம் கணக்குப் போடுங்க. இன்ஸ்டலேஷன் 1000, ஜிஎஸ்டியோட 1180-ன்னு வெச்சுக்குவோம்.

ஆறு மாசம் மொத்தமா கட்டினா 4956. நல்லா இருந்தாலும் அவ்வளவுதான், மோசமா இருந்தாலும் அவ்வளவுதான்.

மாசா மாசம் கட்டினா முதல் மாசம் 2006. சரியில்லன்னா அதோட நிறுத்திக்கலாம், 2950 மிச்சம். நல்லா இருந்து ஆறு மாசமும் ஓட்டினா மொத்தம் 6136. அதாவது 1180 அதிகம்.

அப்போ அந்த 1180 என்ன? பிடிக்கலைன்னா வெளியே வர்ற உரிமைக்கு நீங்க கட்டுற இன்சூரன்ஸ் பிரீமியம். ரெண்டையும் தராசுல போட்டா, இந்த நெட் உங்க தெருவுல சரிப்படாம போக 28, 29 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருக்குன்னு உங்களுக்குத் தோணினா, மாசா மாசம் கட்டுறதுதான் லாபம். கூட்டமான கடைத்தெருன்னா நான் அந்த வாய்ப்பை அதுக்கு மேலதான் வைப்பேன். ஒரு வாரம் அளந்து பார்த்து சனிக்கிழமை ராத்திரியும் நம்பர் நின்னுச்சுன்னா, தாராளமா மொத்தமா கட்டுங்க. உங்க பிளானோட நிஜ எண்களைப் போட்டு இதே கணக்கைத் திரும்பப் பண்ணிக்கோங்க.

ஃபைபர் கிடைக்கிற இடத்துல வயர்லெஸ்ஸுக்குக் கூடுதலா கொடுக்கிறோமான்னும் பார்க்கணும். ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19-ல வந்தப்போ 30 எம்பிபிஎஸ் பிளான் 599-ல ஆரம்பிச்சுச்சு. அதே கம்பெனியோட ஃபைபர்ல 30 எம்பிபிஎஸ் 399-க்கு இருந்துச்சு. ஜிஎஸ்டி தனி. ஏர்ஃபைபர் விலைல டிவி சேனலும் ஓடிடி-யும் சேர்த்தி, அதனால ரெண்டும் அப்படியே சமம் இல்லதான். ஆனா மாச டேட்டா வரம்பையும் பாருங்க: ஏர்ஃபைபருக்கு 1000 ஜிபி, ஃபைபருக்கு 3300 ஜிபி. காத்து வழியா அனுப்புற ஒவ்வொரு ஜிபியும் கம்பெனிக்கே செலவு அதிகம்ங்கிறது இந்த ரெண்டு எண்ணுலயே தெரியுது. உங்களுக்கு ஓடிடி வேண்டாம்னா 200 ரூபா வித்தியாசம் ஜிஎஸ்டியோட வருஷத்துக்கு 2832. விலைங்க மாறிக்கிட்டே இருக்கும், ஒப்பிடுற முறை மட்டும் இதுதான். ஓனர் சுவத்துல துளை போட விடலைன்னா, ஜன்னல் வழியா இழுக்க முடியுமான்னு உள்ளூர் கேபிள்காரரை ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டுங்க. அவங்ககிட்ட இதுக்கெல்லாம் வழி இருக்கும். நான் அதைக் கேட்காமலே விட்டுட்டேன்.

ஆபீஸ்ல இன்டர்நெட் பில்லுக்குப் பணம் திருப்பித் தர்றாங்கன்னா, கனெக்‌ஷன் உங்க பேர்ல இருக்கணும், ஜிஎஸ்டி பில் கைல இருக்கணும். பிஜி-ல தங்கியிருக்கிற பல பேருக்கு நெட் ஓனர் பேர்ல இருக்கிறதால அந்தப் பணம் அப்படியே போகுது.

இவ்வளவும் பண்ணியும் மாட்டிக்கிட்டா? முதல்ல கம்பெனியோட கம்ப்ளெய்ன்ட் சென்டர்ல பதிவு பண்ணி டாக்கெட் நம்பர் வாங்குங்க. அதுல தீரலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டுப் பிரிவு. டிராய் தனிநபர் புகாரை நேரா விசாரிக்காது, அங்கே எழுதி நாளை வீணாக்காதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனா பிளான்ல "100 எம்பிபிஎஸ் வரை"ன்னுதான் போட்டிருப்பாங்க, அந்த "வரை"க்குள்ள எல்லாமே அடங்கிடும். பிராட்பேண்ட்னு சொல்லிக்கிறதுக்குக் குறைந்தபட்ச வேகமே 2 எம்பிபிஎஸ்தான். அதுவும் 2023 ஜனவரிலதான் 512 கேபிபிஎஸ்-ல இருந்து ஏத்தினாங்க. சட்டம் பிடிச்சுக்கிற தரை ரொம்பக் கீழே இருக்கு. அதனால சண்டை போடுறதை விட, முன்னாடியே அளந்து பார்க்கிறதுதான் மலிவு.

அதே தெருவுல யுபிஐ சுத்திக்கிட்டே நின்னா

இது பிராட்பேண்ட் இல்ல, ஆனா அதே வரிசைல மாட்டுற இன்னொரு பணம். தீபாவளிக் கூட்டத்துல கடைல ஸ்கேன் பண்ணுறீங்க, வட்டம் சுத்துது, "பெண்டிங்"னு வருது. பின்னாடி இருபது பேர். பதட்டத்துல ரெண்டாவது தடவை கட்டிடாதீங்க. முதல்ல பேங்க் எஸ்எம்எஸ் வந்துச்சான்னு பாருங்க, எஸ்எம்எஸ் டேட்டா இல்லாமலே வரும். அக்கவுண்ட்ல பணம் போய், எதிராளிக்குப் போய்ச் சேரலைன்னா, ரிசர்வ் வங்கியோட 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி தானாகத் திரும்பணும்: ஆளுக்கு ஆள் அனுப்பினது அடுத்த நாளுக்குள்ள, கடைக்குக் கட்டினது அஞ்சு நாளுக்குள்ள. அதுக்கு மேல தாமதமானா நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு. நீங்க கேட்காமலே தரணும்னுதான் விதி. கடைக்காரர் "வரலையே தம்பி"ன்னா அவர் பொய் சொல்றார்னு அர்த்தம் இல்ல, அவரோட சவுண்ட் பாக்ஸும் ஒரு சிம்லதான் ஓடுது. பர்ஸ்ல ஒரு ஐந்நூறு ரூபா நோட்டு ரெண்டு வெச்சுட்டுப் போங்க.

என் கதை எப்படி முடிஞ்சுச்சுன்னா, ஷிஃப்ட் மாறினதும் காலை நேர வேலைக்கு அந்த கனெக்‌ஷன் நல்லாவே போச்சு. ஆறு மாசம் முடியுற வரைக்கும் அதுலதான் ஓட்டினேன். அப்புறம் ஜன்னல் வழியா ஃபைபர் வந்துச்சு, ஓனர் ஒண்ணும் சொல்லல.

நீங்க கடைத்தெருவுல, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, கோயில் மாட வீதில குடியிருக்கிறவங்களா? இந்தச் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு டெஸ்ட் போட்டு, டவுன்லோட், அப்லோட், எந்த மாடி, எந்தத் தெருங்கிற நாலையும் கீழே எழுதுங்க. அடுத்த வீடியோல அந்த நம்பர்களை வெச்சே பேசுவோம்.